பத்தாவது படிக்கும் மகளுக்கு வேதி வாய்பாடு எழுத வரவில்லை, எங்கே பிடித்துச் சொல்லிக்கொடுப்பது?

ஈரோட்டு அம்மா:

வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. கணக்கு நன்றாகப் போடுவாள். உயிரியலில் படம் வரைந்து பாகம் குறிப்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேதியியலில் மட்டும், சேர்மத்தின் பெயரைக் கொடுத்து வாய்பாடு எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. டியூஷனில் ஒரு நோட்டு முழுக்க இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வாய்பாடு என்று எழுதவைத்து, தினம் ஒரு பக்கம் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். நோட்டில் இருப்பதைக் கேட்டால் கடகடவென்று சொல்கிறாள். இல்லாத ஒன்றைக் கேட்டால் விழிக்கிறாள்.

நேற்று ராத்திரி ஐந்து பெயர் கொடுத்தேன். அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன். கைப்பேசியில் தமிழ்ப் பலகை மட்டும்தான் வைத்திருக்கிறேன், அதனால் குறியீடுகளை வாயால் சொல்கிற மாதிரியே அடித்திருக்கிறேன். சேர்மத்தின் இரண்டு பகுதிக்கும் நடுவில் சிறு கோடு.

மெக்னீசியம் ஆக்சைடு: எம்ஜி₂-ஓ₂
கால்சியம் ஹைட்ராக்சைடு: சிஏ-ஓஎச்₂
அலுமினியம் சல்பேட்: ஏஎல்-எஸ்ஓ₄
சோடியம் சல்பைடு: என்ஏ₂-எஸ்ஓ₄
டைநைட்ரஜன் டெட்ராக்சைடு: என்-ஓ₂

நான் பிளஸ் டூவில் வணிகவியல். விடை தப்பு என்று புத்தகத்தைப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கரும்பலகை:

அம்மா, நான் அரசுப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். ஐந்தும் தப்பு என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஐந்துக்கும் காரணம் வேறு வேறு. ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது.

முதலாவது, எம்ஜி₂-ஓ₂. மெக்னீசியத்தின் மின்சுமை 2+, ஆக்சைடின் மின்சுமை 2−. ஒன்றின் மின்சுமை எண்ணை அம்புக்குறி போட்டு மற்றதன் கீழே எழுதுவார்கள். அப்படிக் குறுக்கே மாற்றிப் போட்டிருக்கிறாள், அதற்கு மேல் சுருக்கவில்லை. மெக்னீசியம் ஆக்சைடில் தனித்தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. நேர் அயனியும் எதிர் அயனியும் (அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம்) மாறி மாறி அடுக்கிய படிகம்தான். அதில் வாய்பாடு சொல்வது விகிதத்தை மட்டுமே. ஒன்றுக்கு ஒன்று, ஆகவே எம்ஜி-ஓ.

இரண்டாவதில் அடைப்புக்குறி இல்லை. அவள் எழுதியபடி பார்த்தால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. உண்மையில் ஓஎச் என்கிற முழுக் கூட்டமும் இரண்டு தடவை வேண்டும்: சிஏ(ஓஎச்)₂. வெள்ளையடிக்கிற நீற்றிய சுண்ணாம்பு இதுதான்.

மூன்றாவதில் மின்சுமையையே கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் வணிகவியல் என்றீர்கள், உங்களுக்கு இது சுலபம். பற்றும் வரவும் நேரானால்தான் ஏடு முடியும். அலுமினியம் 3+, சல்பேட் 2−. இரண்டும் நேராகிற முதல் எண் 6. அலுமினியம் இரண்டு போட்டால் 6+, சல்பேட் மூன்று போட்டால் 6−. ஏஎல்₂(எஸ்ஓ₄)₃. எழுதி முடித்ததும் ஆக்சிஜன் எத்தனை என்று அவளையே கேளுங்கள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டால் அடைப்புக்குறி புரிந்துவிட்டது.

நான்காவது, சல்பைடையும் சல்பேட்டையும் குழப்பிக்கொண்டது. "ஐடு" என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தத் தனிமம் தனியாக நிற்கிறது: சல்பைடு என்றால் வெறும் கந்தகம், என்ஏ₂-எஸ். "ஏட்" என்று முடிந்தால் கூடவே ஆக்சிஜன் இருக்கிறது. "ஐட்" என்றாலும் ஆக்சிஜன் உண்டு, ஏட்டைவிட ஒன்று குறைவு: சல்பேட் எஸ்ஓ₄, சல்பைட் எஸ்ஓ₃. ஹைட்ராக்சைடு, சயனைடு என்று ஒன்றிரண்டு மட்டும் "ஐடு" வரிசையில் இருந்தும் கூட்டமாக நிற்பவை. இந்த முடிவுகள் 1787ல் லவாய்சியே என்ற வேதியியலாளரும் இன்னும் மூன்று பேரும் பிரான்சில் வகுத்த முறையிலிருந்து வருகின்றன. பெயரைக் கேட்டாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் பட்டியலை மட்டும் கையில் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே மன வருத்தம்.

ஐந்தாவதற்கு இரவு வந்து எழுதுகிறேன், அது தனி விஷயம்.

பதினொன்று_பி:

சார் ஒரு சந்தேகம். நான் போன வருஷம் பத்தாவது. முழுக்க மனப்பாடம்தான் பண்ணேன், மார்க்கும் வந்துச்சு. புரிஞ்சு எழுதணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சல்பேட்டுக்கு ஏன் நாலு ஆக்சிஜன், நைட்ரேட்டுக்கு ஏன் மூணுன்னு யாரும் பத்தாவதுல சொல்றதில்ல. அதையெல்லாம் மனப்பாடம்தானே பண்ணியாகணும்?

கரும்பலகை:

தம்பி, சரியாகப் பிடித்தாய். மனப்பாடம் வேண்டும். எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் கோளாறு.

பத்து நேர் அயனி எடுத்துக்கொள். சோடியம், பொட்டாசியம், வெள்ளி, ஹைட்ரஜன், அம்மோனியம் ஐந்தும் 1+. மெக்னீசியம், கால்சியம், பேரியம், துத்தநாகம் நான்கும் 2+. அலுமினியம் 3+. எதிர்ப் பக்கம் பத்து: குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், பைகார்பனேட் 1−. ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட் 2−. நைட்ரைடு, பாஸ்பேட் 3−. மனதில் ஏற்றுவது இருபது. அதைக் கொண்டு எழுத முடிகிற வாய்பாடு நூறு. டியூஷன் நோட்டு அந்த நூறையும் தனித்தனியாக ஏற்றச் சொல்கிறது, அதுவும் மின்சுமையைச் சொல்லாமல்.

கூட ஒன்று. வாய்பாடு எழுத வந்துவிட்டால் அந்தப் பொருள் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அலுமினியம் கார்பனேட் என்று கணக்குப் போட்டு எழுதிவிடலாம். நீர்க்கரைசலில் அலுமினிய உப்பையும் சோடியம் கார்பனேட்டையும் கலந்தால் கிடைப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடின் வெள்ளைக் குழம்பும் கார்பன் டைஆக்சைடு குமிழியும்தான். காகிதத்தில் இருக்கும் கணக்கு வேறு, குடுவையில் நடப்பது வேறு.

உரக்கடை_தஞ்சை:

நம்ம கடைக்கு வர்ற விவசாயிங்க பிள்ளைங்க லீவு நாள்ல மூட்டைமேல உக்காந்து பாடம் படிக்கும். நான் மூட்டையையே படிக்கச் சொல்லுவேன். ஈரோட்டு அம்மா, உங்க பொண்ணுக்கும் இத காட்டுங்க.

டிஏபி மூட்டைல 18-46-0ன்னு போட்டிருக்கும். டைஅம்மோனியம் பாஸ்பேட். வாய்பாடு (என்எச்₄)₂-எச்பிஓ₄. பாஸ்பேட்டுக்கு 3−, அம்மோனியம் ரெண்டு வந்தா 2+ ஆச்சு, மிச்சம் ஒண்ண ஹைட்ரஜன் அடைக்குது. கணக்கு நேர். 18ங்கறது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நூத்துக்கு இவ்வளவுன்னு. யூரியா மூட்டைல 46ன்னு வரும்ல, அதுவும் வாய்பாட்டுலேந்து வர்றதுதான். சிஓ(என்எச்₂)₂, மொத்த எடை 60, அதுல நைட்ரஜன் 28. வகுத்துப் பாருங்க, சுத்தமான யூரியான்னா 46.7 வரும்.

பொட்டாஷ்ல ஒரு விசேஷம். அது பொட்டாசியம் குளோரைடு, கே-சிஎல். மூட்டைல 60 சதம் கே₂-ஓன்னு போட்டிருக்கும். உள்ள பொட்டாசியம் ஆக்சைடு ஒரு துளி கிடையாது! அந்தக் காலத்து ரசாயனக்காரங்க எதை ஆராய்ஞ்சாலும் ஆக்சைடு கணக்குல சொல்லி வச்சாங்க, அந்தப் பழக்கம் உர மூட்டைல அப்படியே தங்கிடுச்சு. 50 கிலோ மூட்டைல 30 கிலோன்னு கணக்கு காட்டும், நிஜமான பொட்டாசியம் கிட்டத்தட்ட 25 கிலோ. படிச்ச பசங்களே இதுல ஏமாந்துடுறாங்க.

இன்னொண்ணு. குளோரைடு, குளோரேட். பெயர்ல கடைசியிலதான் வித்தியாசம். பொட்டாசியம் குளோரைடு வயலுக்குப் போடுற உரம். பொட்டாசியம் குளோரேட் கே-சிஎல்ஓ₃, தீக்குச்சித் தலையில இருக்கறது. கந்தகத்தோட கலந்தா ஒரு உரசல் போதும், வெடிச்சுரும். பட்டாசுல அந்தக் கலவைய 1992லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. கடைசி எழுத்து தப்பானா போறது ரெண்டு மார்க்குதானேன்னு பிள்ளைங்க நினைக்கக் கூடாது.

மாத்திரைச்சீட்டு:

உரக்கடை அண்ணன் சொன்னதை ஒட்டியே. நான் மருந்தாளுநர். உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், கே-ஐஓ₃. அயோடைடு இல்லை. அயோடைடாகச் சேர்த்தால் ஈரத்திலும் காற்றிலும் அது அயோடினாக மாறி ஆவியாகிப் போய்விடும். அயோடேட்டில் அயோடின் ஏற்கெனவே ஆக்சிஜனோடு கட்டுண்டு இருப்பதால் நம் வெக்கையிலும் மழையிலும் தாங்குகிறது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. நான்காவது கேள்வியில் பாப்பா குழப்பிக்கொண்டாளே, அதே ஐடு-ஏட் விஷயம்தான் இங்கே சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கிற நீல மாத்திரையையும் அவளுக்குத் தெரியும். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அதில் இரும்பு ஃபெரஸ் வடிவில் இருக்கும், ஃபெரிக் அல்ல. குடல் ஃபெரஸைத்தான் சுலபமாக உறிஞ்சும். ஃபெரஸ் சல்பேட்டாக எடை போட்டால் நூற்றைம்பது மில்லிகிராமுக்கு மேல் வரும், அதற்குள் இரும்பு மட்டும் 60. சீட்டில் "இரும்பாக இவ்வளவு" என்று தனியாகப் போடுவதன் காரணம் இதுதான்.

ஈரோட்டு அம்மா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இருபது அயனியையும் ஒரு அட்டையில் எழுதி அவள் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டோம். உப்புப் பாக்கெட்டைக் காட்டியதும் அவளே போய் ஆப்பச்சோடா டப்பாவை எடுத்து வந்து என்ஏ-எச்சிஓ₃ என்று எழுதிக் காட்டினாள். நோட்டைப் பார்க்கவில்லை.

இப்போது ஃபெரஸ், ஃபெரிக் என்று வந்ததில் ஒரு குழப்பம். இரும்புக்கு மின்சுமை இரண்டா மூன்றா? புத்தகத்தில் அயர்ன் என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இருக்கிறது. எப்போது அந்த எண் போட வேண்டும், எப்போது வேண்டாம்? சோடியத்துக்கு மட்டும் ஏன் அது இல்லை?

கரும்பலகை:

சோடியம் எப்போதும் 1+. சொல்லத் தேவையில்லை, அதனால் எண்ணும் இல்லை. இரும்பு 2+ ஆகவும் வரும், 3+ ஆகவும் வரும். வெறும் இரும்பு குளோரைடு என்றால் எஃப்இ-சிஎல்₂ ஆ எஃப்இ-சிஎல்₃ ஆ என்று தெரியாது. அந்த எண் தனிமத்தின் மின்சுமையைச் சொல்கிறது. பிள்ளைகள் அதை அணுக்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு இரும்பு(3) குளோரைடுக்கு எஃப்இ₃-சிஎல் என்று எழுதுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதை முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானியர் 1919ல் முன்வைத்த முறை இது. அதற்கு முன்னால் குறைந்த மின்சுமைக்கு "அஸ்", கூடின மின்சுமைக்கு "இக்" என்று முடித்தார்கள். ஃபெரஸ் 2, ஃபெரிக் 3. குப்ரஸ் 1, குப்ரிக் 2. ஸ்டானஸ் 2, ஸ்டானிக் 4. பாருங்கள், அஸ் என்றால் இத்தனை என்று நிலையான எண் கிடையாது, உலோகத்துக்கு உலோகம் மாறுகிறது. ஸ்டாக் முறை அந்தச் சுமையை இறக்கிவிட்டது. மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் பழைய பெயர் இன்னும் ஓடுவதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் வரும் உலோகங்களில் இரும்பு, தாமிரம், வெள்ளீயம், காரீயம், பாதரசம் இந்த ஐந்தையும் கவனித்தால் போதும்.

எஃப்இ₃-ஓ₄ ஐக் கொடுத்து, இரும்பின் மின்சுமை என்ன என்று கேளுங்கள். நான்கு ஆக்சைடு, 8−. மூன்று இரும்பு சேர்ந்து 8+ கொடுக்க வேண்டும். எட்டை மூன்றால் வகுத்தால் முழு எண் வராது. கொஞ்ச நேரம் தவிக்க விடுங்கள். இரண்டு இரும்பு 3+, ஒரு இரும்பு 2+. காந்தக்கல் என்கிறோமே, அதில் இரண்டு வகை இரும்பும் ஒரே படிகத்துக்குள் இருக்கின்றன.

அணுக்கரு:

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கரும்பலகை ஐயா நன்றாகவே சொல்லி வருகிறார், ஆனால் குறுக்கே மாற்றிப் போடும் முறையை அவர் தொட்டும் தொடாமலும் விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த முறையைப் பள்ளியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. முதலாமாண்டில் எங்களிடம் வரும் பிள்ளைகள் எண்களைக் குறுக்கே தள்ளுவதைத்தான் வேதியியல் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எந்த மின்சுமை எதனோடு நேராகிறது என்று கேட்டால் பதில் இல்லை. எம்ஜி₂-ஓ₂ என்று இந்தக் குழந்தை எழுதியதே அந்த முறையால்தான்.

வாய்பாடு என்பது விதியிலிருந்து பிறந்ததும் அல்ல. எடை போட்டுப் பார்த்து வந்தது. இங்கிலாந்தின் வேதியியலாளர் டால்டன் 1808ல் நீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். இரண்டு தனிமம் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது அவருடைய விதி. நீரில் ஹைட்ரஜன் 1 பங்கு எடை என்றால் ஆக்சிஜன் 8 பங்கு. அவர் கணக்குப்படி போனால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைவிட 8 மடங்கு கனம் என்று ஆகிறது. எச்₂-ஓ என்று எடுத்தால் 16 மடங்கு. எது சரி என்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆளுக்கு ஒரு வாய்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1860ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிப் பேசியபோது இத்தாலியின் கனிசாரோ, வாயுக்களின் கனஅளவை வைத்து அணு எடைகளை ஒழுங்குபடுத்திக் காட்டிய பிறகுதான் வழி தெளிந்தது. குறியீட்டு எழுத்துகள் அதற்கும் முன்னால் 1813 வாக்கில் சுவீடனின் பெர்சீலியஸ் கொடுத்தவை. அவர் எண்ணை மேலே போட்டார், அதைக் கீழே இறக்கிய வழக்கம் பிறகு வந்தது.

இத்தனை பேர் ஐம்பது வருடத்துக்கு மேல் எடை போட்டும் வாதாடியும் கண்டுபிடித்ததை இரண்டு அம்புக்குறியில் முடித்துவிடுகிறோம்.

கரும்பலகை:

ஐயா, நீங்கள் சொல்கிற வரலாற்றை மறுக்கவில்லை. என் வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். அதில் பாதிப் பேருக்கு 3க்கும் 2க்கும் பொது மடங்கு காண்பதே கஷ்டம். குறுக்கே மாற்றுவது அவர்களுக்கு ஒரு பிடி. அந்தப் பிடியை எடுத்துவிட்டு வெறுங்கையாக நிறுத்த என்னால் முடியாது. நான் செய்வது, எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் கீழே மொத்த நேர்மின்சுமை, மொத்த எதிர்மின்சுமை இரண்டையும் எழுதவைப்பது. சரிபார்த்த பிறகுதான் அடுத்தது. அப்படிச் செய்தால் அம்புக்குறி கணக்கைத் தின்றுவிடாது.

பழஞ்சுவடி:

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சித்த மருந்துச் செய்முறை படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் நூல்களில் பூரம் என்று ஒன்று, வீரம் என்று ஒன்று. இரண்டிலும் பாதரசமும் குளோரினும்தான். வீரம் எச்ஜி-சிஎல்₂, நீரில் கரையும், கொடிய நஞ்சு. பூரம் எச்ஜி₂-சிஎல்₂, நீரில் அநேகமாகக் கரையாது. அதுவும் நஞ்சுதான், ஆனால் வீரத்தின் வேகம் அதற்குக் கிடையாது. பழைய ஆட்கள் வாய்பாடு தெரியாமலே இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்து வைத்தார்கள்.

பூரத்தில் பாதரசத்தின் மின்சுமை 1+ என்று சொல்லிக் குறுக்கே மாற்றினால் எச்ஜி-சிஎல் என்று வரும். எச்ஜி₂-சிஎல்₂ என்று கொடுத்தால் ஒழுங்காகப் படிக்கும் பிள்ளை அதைச் சுருக்கிவிடும். சுருக்கக் கூடாது. இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஜோடியாகத்தான் 2+ சுமந்து நிற்கின்றன. ஜோடியைப் பிரிக்க நமக்கு உரிமை இல்லை.

கரும்பலகை:

பழஞ்சுவடி ஐயா சொன்னது ஐந்தாவது கேள்விக்கு நேராகக் கொண்டுவந்து விட்டுவிட்டது.

ஈரோட்டு அம்மா, பெயரைப் பார்த்ததும் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் உலோகமோ அம்மோனியமோ இருக்கிறதா? இருந்தால் அயனிக் கணக்கு, விகிதம், சுருக்கலாம். இல்லை, இரண்டுமே அலோகம் என்றால் அங்கே உண்மையான மூலக்கூறு இருக்கிறது. எத்தனை அணு என்று பெயரே சொல்லிவிடும். மோனோ ஒன்று, டை இரண்டு, ட்ரை மூன்று, டெட்ரா நான்கு, பென்டா ஐந்து, ஹெக்சா ஆறு. மின்சுமை பார்க்க வேண்டாம், குறுக்கே மாற்ற வேண்டாம், சுருக்கவே கூடாது. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு, என்₂-ஓ₄. அவ்வளவுதான்.

அவள் சுருக்கி எழுதிய என்-ஓ₂ வேறு பொருள், நைட்ரஜன் டைஆக்சைடு. செம்பழுப்பு நிற வாயு. என்₂-ஓ₄ நிறமற்றது. இந்த வாயுவை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடி, பனிக்கட்டி நீரில் வைத்தால் நிறம் வெளுத்துக்கொண்டே போகும், இரண்டிரண்டாகச் சேர்ந்து என்₂-ஓ₄ ஆகிறது. அதே குழாயை வெந்நீரில் வைத்தால் பழுப்பு திரும்பி வரும். கணக்கில் இரண்டும் ஒரே விகிதம், கண்ணுக்கு இரண்டும் வேறு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்து என்₂-ஓ, என்-ஓ, என்₂-ஓ₃, என்-ஓ₂, என்₂-ஓ₄, என்₂-ஓ₅ என்று இத்தனை. இதனால்தான் அலோகச் சேர்மங்களுக்கு எண்ணைப் பெயரிலேயே வைத்தார்கள்.

பதினொன்று_பி:

அக்கா, பாப்பாகிட்ட இதையும் சொல்லுங்க. சி பெரிய எழுத்து, ஓ சின்ன எழுத்துன்னா கோபால்ட். ரெண்டும் பெரிய எழுத்துன்னா கார்பன் மோனாக்சைடு. ஒண்ணு உலோகம், ஒண்ணு ஆளைக் கொல்ற வாயு. பரீட்சை அவசரத்துல ரெண்டையும் ஒரே அளவுல எழுதி எங்க வகுப்புல நிறைய பேருக்கு மார்க் போச்சு.

ஈரோட்டு அம்மா:

டியூஷன் நோட்டில் இல்லாததாகப் பார்த்து மறுபடி கொடுத்தேன். துத்தநாக பாஸ்பேட்டுக்கு இசட்என்₃(பிஓ₄)₂ என்று எழுதி, கீழே 6+, 6− என்று அவளே போட்டாள். அம்மோனியம் கார்பனேட் (என்எச்₄)₂-சிஓ₃. மெக்னீசியம் நைட்ரைடு எம்ஜி₃-என்₂. கார்பன் டெட்ராகுளோரைடு சி-சிஎல்₄, இதற்கு மின்சுமையே எழுதவில்லை, "இதுல உலோகம் இல்லம்மா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டில்தான் நின்றோம். சோடியம் பெராக்சைடுக்கு என்ஏ-ஓ என்று எழுதினாள், புத்தகத்தில் என்ஏ₂-ஓ₂. உலோகம் இருந்தால் சுருக்கலாம் என்றுதானே சொன்னீர்கள் என்கிறாள். இன்னொன்று, மயில்துத்தத்துக்குப் புத்தகத்தில் காப்பர் சல்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து 5எச்₂ஓ என்று இருக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வந்தது?

பதினொன்று_பி:

சார் முதல் கேள்விய நான் சொல்லிப் பாக்கறேன். பெராக்சைடுல ரெண்டு ஆக்சிஜன் கைகோத்து ஜோடியாதான் 2− சுமக்குது, பூரத்துல ரெண்டு பாதரசம் மாதிரியே. சோடியம் 1+, அதனால ரெண்டு சோடியம். ஓ₂ங்கறது சல்பேட் மாதிரி ஒரே கூட்டம். எஸ்ஓ₄ல இருக்கற நாலை யாரும் சுருக்கறதில்ல, இதையும் சுருக்கக் கூடாது. சுருக்கறது அயனிகளோட எண்ணிக்கைய, அயனிக்குள்ள இருக்கற எண்ணை இல்ல. சரியா சார்?

கரும்பலகை:

மிகச் சரி தம்பி. கடைசி வாக்கியத்தை என் வகுப்பில் பலகையில் எழுதப்போகிறேன்.

மயில்துத்தத்துக்கு: அந்த நீர் படிகம் உருவாகும்போதே ஒழுங்கான இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர், எடையில் 36 சதம். ஆய்வகத்தில் ஆசிரியரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். உலர்ந்த குழாயில் நீலப் படிகத்தைப் போட்டு மெல்லச் சூடாக்கினால், குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளி படியும், அடியில் இருப்பது சாம்பல் கலந்த வெள்ளைத் தூளாகும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தொட்ட இடம் நீலமாகும், குழாயும் கையில் சுடும். சலவைச் சோடாவில் இதே போலப் பத்து நீர்.

இனி எதிர்த்திசையில் கொடுங்கள், வாய்பாட்டைக் காட்டிப் பெயர் கேளுங்கள். பிஏ-ஓ₂ என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

ஈரோட்டு அம்மா:

"பேரியம் எப்பவும் 2+ தான், ஆக்சிஜன் ரெண்டு இருக்குன்னா அது ஜோடி, பேரியம் பெராக்சைடு" என்று சொல்லிவிட்டாள். உடனே அவளே கேட்கிறாள்: அப்படியானால் காரீயத்தின் பிபி-ஓ₂ வும் பெராக்சைடா? காரீயத்துக்குத்தான் 2ம் உண்டு, 4ம் உண்டே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை.

அணுக்கரு:

இந்தக் கேள்வியை எங்கள் முதலாமாண்டுப் பிள்ளைகள் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

வாய்பாட்டை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பொருளிடம்தான் கேட்க வேண்டும். பேரியம் பெராக்சைடோடு நீர்த்த அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கிறது. பிரான்சின் தெனார் 1818ல் ஹைட்ரஜன் பெராக்சைடை முதன்முதலில் கண்டதே இப்படித்தான். ஆக்சிஜன் ஜோடி முன்பே உள்ளே இருந்தது, அமிலம் அதை அப்படியே வெளியே கொண்டுவந்தது. காரீயத்தின் ஆக்சைடு அப்படி எதையும் தருவதில்லை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பேட்டரியின் நேர்த்தகட்டில் பூசியிருப்பது இதே பிபி-ஓ₂ தான், வருடக்கணக்கில் கந்தக அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு வருவதில்லை. ஆகவே அங்கே ஆக்சிஜன்கள் தனித்தனி, ஒவ்வொன்றும் 2−. காரீயம் 4+. பெயர் காரீயம்(4) ஆக்சைடு.